பக்தபூருக்கு அரைநாள் போதுமா?

கேள்வி, 16 நவம்பர் 2024

"டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு நேபாளம் போகிறோம். காத்மாண்டுவில் மூன்று நாள். பக்கத்தில் இருக்கும் பழைய அரண்மனை ஊரான பக்தபூருக்கு அரைநாள் ஒதுக்கினால் போதுமா? போய் வந்த நண்பர் ஒருவர், எல்லாம் 2015 பூகம்பத்தில் விழுந்துவிட்டது, இப்போது நிற்பதெல்லாம் புதுசு, பழசு மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள் என்கிறார். அப்படியானால் அந்த நேரத்தில் நாகர்கோட் போய்ப் பனிமலை பார்த்துவிட்டு வருவது மேல் இல்லையா?"

17 நவம்பர் 2024, காலை

போதாது. ஓர் இரவாவது தங்குங்கள்.

நான் மூன்று முறை போயிருக்கிறேன்: 2013, 2018, 2023. பூகம்பத்துக்கு முன் ஒரு முறை, பின் இரண்டு முறை. உங்கள் நண்பர் சொன்னதில் பாதி தப்பு, மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல எனக்கு நிறைய இடம் வேண்டும்.

முதலில் தப்பான பாதி. எல்லாம் விழவில்லை. தௌமடி சதுக்கத்தில் ஞாதபோலா என்று ஐந்து கூரைச் சிவன் கோயில் இருக்கிறது. அந்த ஊர் ராஜா பூபதீந்திர மல்லர் 1702இல் கட்டியது. 1934 பூகம்பத்தையும் தாங்கியது, 2015ஐயும் தாங்கியது, ஒரு கீறல் இல்லை. அரண்மனையின் ஐம்பத்தைந்து சன்னல் மாளிகை நிற்கிறது. ரஞ்சித் மல்லர் வைத்த பொன் வாசல் அப்படியே இருக்கிறது. மயில் சன்னல் அரண்மனைச் சதுக்கத்தில் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

காத்மாண்டு பாக்பஜாரிலிருந்து பஸ். தூரம் 13 கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

17 நவம்பர் 2024, மாலை

காலையில் அவசரத்தில் எழுதியதில் மூன்று பிழை. பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்துத் திருத்துகிறேன்.

ஒன்று, ஞாதபோலா சிவன் கோயில் இல்லை, சித்தி லட்சுமி கோயில். கருவறை பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. அதனால் படியேறி மேலே போய் ஊரைப் பார்த்துவிட்டு இறங்கும் பலருக்கு உள்ளே யார் என்பதே தெரியாது. நானும் 2013இல் அப்படித்தான் இறங்கினேன்.

இரண்டு, ஒரு கீறல் இல்லை என்றது தப்பு. இரண்டு பூகம்பத்திலும் மேல் அடுக்கில் சேதம் இருந்தது. கோயில் விழவில்லை, அவ்வளவுதான். பிறகு மேல் கூரையைப் பிரித்துச் சரி செய்தார்கள்.

மூன்று, மயில் சன்னல் அரண்மனைப் பக்கம் இல்லை. தத்தாத்ரேயர் கோயிலுக்குப் பின்னால் பூஜாரி மடம், அதன் பக்கவாட்டில் ஒரு குறுகலான சந்து. அந்தச் சந்தில் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். அரண்மனைச் சதுக்கத்திலிருந்து கிழக்கே நல்ல நடை. வழியெல்லாம் கடைவீதி, அதுவும் பார்க்க வேண்டியதுதான்.

20 நவம்பர் 2024

புதுசு பற்றி.

என் அப்பா கொத்தனார். லீவு நாளில் அவரோடு வேலைக்குப் போய் வளர்ந்தவன் நான். எங்கே போனாலும் என் கண் முதலில் கட்டுமானத்தைத்தான் பார்க்கும்: கல் எப்படி அடுக்கியிருக்கிறது, கலவை என்ன, தண்ணீர் எங்கே இறங்குகிறது. அதனால் இந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் சூடு ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013இல் அரண்மனைக்கு முன்னால் வத்சலா கோயில் இருந்தது. மணற்கல்லில் சிகரம் வைத்த கோயில். 2018இல் அதே இடத்தில் பீடம் மட்டும். உடைந்த தூண்களையும் செதுக்கிய கற்களையும் ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். வீட்டில் சாவு விழுந்த மறுநாள் வாசலில் நிற்பதுபோல இருந்தது எனக்கு. 2023இல் போனபோது கோயில் மறுபடி நிற்கிறது. உங்கள் நண்பர் பார்த்துப் 'புதுசு' என்றது இதைத்தானோ என்னவோ.

2018இல் ஒரு கொட்டகையில் மரச்சிற்பி ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். கூரையின் தொங்கலைக் கீழிருந்து சாய்வாகத் தாங்கும் கட்டை இருக்கிறதே, நேபாளியில் டுண்டால் என்பார்கள். அதில் ஒரு தேவியைச் செதுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே பழைய கட்டை கிடந்தது. பாதி உளுத்துப்போய், தேவிக்கு இடது பக்கக் கைகள் இல்லாமல். இருபதுக்கு மேல் உளி இருக்கும், துணியில் வரிசையாகச் செருகி விரித்திருந்தார். மெல்லியது சுண்டுவிரல் நகம் அகலம்கூட இல்லை. பழைய கட்டையில் சாண் போட்டு அளந்து, அதே சாணைப் புதுக்கட்டையில் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு கீறிக்கொண்டார். அளவு நாடாவும் தொடைக்கடியில் கிடந்தது, ஆனால் நான் நின்ற அரை மணி நேரத்தில் அதை எடுக்கவில்லை.

இல்லாத கைகளை எப்படிச் செதுக்குவீர்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து, சாக்குக்குக் கீழே இருந்த இன்னொரு பழைய கட்டையைக் காட்டினார். கோயிலின் எதிர்மூலையில் இருந்ததாம், அதில் கைகள் முழுசாக இருந்தன. கையில் என்ன ஆயுதம், எந்த விரல் மடக்கம் என்றெல்லாம் விளக்கிவிட்டுத் திரும்ப உட்கார்ந்து கொட்டாப்புளியை எடுத்தார்.

இதைப் 'பழசு மாதிரி கட்டியது' என்று சொல்ல என்னால் முடியாது. 300 வருஷத்துக்கு முன் கட்டியவனும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான். உளுத்த பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நல்ல பாகத்தோடு புது மரத்தை ஒட்டுப் போட்ட கட்டைகளையும் பார்த்தேன். ஒட்டை மறைக்கச் சாயம் பூசவில்லை. பழசு கறுப்பு, புதுசு வெளுப்பு, பார்த்தால் தெரியும். தெரியட்டும் என்றுதான் விட்டிருக்கிறார்கள்.

20 நவம்பர் 2024, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் தனியாகக் கேட்டார்: நம் ஊர்த் திருப்பணியும் அதுதானே, அங்கே மட்டும் என்ன விசேஷம்?

யோசித்துப் பார்த்தால் கோயிலைப் புதுப்பிப்பது நமக்கும் பழக்கம்தான், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்கிறவர்கள் நாம். ஆனால் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டு எழுத்து தேய்ந்துபோன சுவரை நான் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புக் காரையை உடைத்துவிட்டு சிமெண்ட் அடித்த மண்டபத்தில் அப்பா வாய் பேசாமல் நின்றதையும் பார்த்திருக்கிறேன். பக்தபூரில் எனக்குத் தொண்டை அடைத்ததற்குக் காரணம் அதுதான். அங்கே எந்தப் பொருளில் இடிந்ததோ அந்தப் பொருளிலேயே கட்டுகிறார்கள், கட்டுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

அந்த நகராட்சி பழங்கட்டடங்களின் வேலையைப் பெரிய ஒப்பந்தக்காரர்களிடம் கொடுப்பதில்லை. அந்தந்தத் தெருக்காரர்கள் சேர்ந்த குழுதான் பொறுப்பு. கணக்கும் அவர்களிடமே. ஜெர்மனியிலிருந்து பெரிய உதவி வந்தபோது, அதனோடு வந்த டெண்டர் நிபந்தனைகள் இந்த முறைக்கு ஒத்துவராது என்று வேண்டாம் என்றார்கள். இத்தனைக்கும் ஜெர்மனி அவர்களுக்கு அந்நியம் இல்லை. 1970களிலும் 80களிலும் இந்த ஊரைப் பழுது பார்த்துக் கொடுத்ததே ஜெர்மன் திட்டம்தான். வாசலில் நம்மிடம் வாங்கும் டிக்கெட் காசும் இந்த வேலைக்குத்தான் போகிறது. 2023இல் இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு 500 நேபாள ரூபாய். அதைக் கொடுக்க முணுமுணுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

காத்மாண்டுவில் தரஹரா கோபுரம் 2015இல் சரிந்தது. அதை கான்கிரீட்டில் உயரமாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். லிஃப்ட் இருக்கிறது. இதையும் பக்தபூரையும் ஒரே நாளில் பாருங்கள், நான் சொல்ல வருவது தானாகப் புரியும். அதே காத்மாண்டுவில் பிரதாப மல்லர் 1670இல் வெட்டிய ராணி போகரி குளத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பத் தொடங்கியபோது மக்கள் தெருவில் இறங்கி நிறுத்தினார்கள். பிறகு செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டினார்கள். அந்த வேலைக்குப் பக்தபூரிலிருந்தும் பெண்கள் போனார்கள்.

24 நவம்பர் 2024

சென்ற குறிப்பில் கான்கிரீட்டை ஒரேயடியாகத் திட்டிவிட்டேன். ஒரு விஷயத்தை மறைத்தால் நியாயம் இல்லை.

அரண்மனைச் சதுக்கத்தில் எட்டுப்பட்டை மண்டபம் ஒன்று இருக்கிறது, ச்யாசிலின் மண்டபம். 1934இல் முழுசாக விழுந்தது. 1990 வாக்கில் ஜெர்மனி உதவியோடு பழைய படங்களைப் பார்த்து மறுபடி எழுப்பினார்கள், மிஞ்சியிருந்த மரத்தூண்களையும் சேர்த்து. உள்ளே எஃகுச் சட்டம் கொடுத்தார்கள். அப்போதே அதைப் பற்றிப் பெரிய சண்டை. இரும்பு வைத்தால் அது பாரம்பரியமா என்று. 2015இல் சுற்றிலும் கோயில்கள் விழுந்தன, அது நின்றது.

இதைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை. அப்பா இருந்தால் இரும்புதான் நல்லது என்றிருப்பார். ஆள் நிற்கிற இடத்தில் பிடிவாதம் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஆனால் ஞாதபோலா இரும்பு இல்லாமல் நின்றிருக்கிறது.

ஏன் நின்றது என்று நான் பார்த்த வரையில் சொல்கிறேன். ஐந்து அடுக்குப் பீடம், கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகல். நாலு பக்கமும் ஒரே அளவு, ஒரு பக்கம் கனம் கூடுவதில்லை. தடித்த செங்கல் சுவர், மண் கலவை, சுவருக்குள் ஓடும் மர உத்தரங்கள். மரத்தை மரத்தோடு முளை அடித்து மாட்டியிருப்பதால் ஆட்டம் வரும்போது கொஞ்சம் அசைந்து கொடுக்கும். விழுந்த கோயில்கள் பலவற்றில் பூகம்பத்துக்கு முன்பே தண்ணீர் இறங்கி மரம் உளுத்துப்போயிருந்தது. கூரை ஓட்டுக்கு அடியில் மண் படுக்கை போடுவார்கள். அதில் விதை விழுந்து புல் முளைக்கும், வேர் ஓட்டைத் தூக்கும், மழைத் தண்ணீர் உள்ளே போகும். கூரையில் புல் ஆடுவது படத்தில் அழகாக இருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே யாராவது ஏறிப் பிடுங்க மாட்டார்களா என்று இருக்கும்.

30 நவம்பர் 2024

நாகர்கோட்டா பக்தபூரா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பக்தபூரே மலைக்கு நடுவில்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர், நாலு பக்கமும் மலை. வடக்கே பனிமலை வரிசை வெயில் அடிக்கும் காலையில் மாடியிலிருந்தே தெரியும். ஆனால் நான் சொல்ல நினைத்தது வேறு. இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பெரிய ஏரி. மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவர் தெற்கே சோபாரில் மலையை வாளால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார் என்று அங்கே சின்னப் பிள்ளையும் கதை சொல்லும். மண்ணியல்காரர்களும் ஏரி இருந்தது உண்மை என்கிறார்கள். அந்த ஏரியின் அடிமண்தான் இன்றைக்கு வயல். கறுத்த, பிசுபிசுத்த களிமண். காத்மாண்டுவில் காலிமாட்டி என்ற பேட்டையின் பெயருக்கே கறுப்பு மண் என்றுதான் அர்த்தம்.

அந்த மண்ணால்தான் அங்கே நெல் அப்படி விளைகிறது. செங்கல்லும் குயவர் சதுக்கத்துப் பானையும் அந்த மண்தான். பூகம்பம் வந்தால் தயிர்ச்சட்டியைத் தட்டியதுபோல ஊரை ஆட்டுவதும் அதே மண்தான். கெட்டிப் பாறையில் சீக்கிரம் அடங்கிவிடும் அதிர்வு இந்த ஏரிமண்ணில் பெருகும். 2015இல் அலை மெதுவான நீண்ட ஆட்டமாக வந்தது, ஓர் ஆட்டத்துக்கு நாலைந்து வினாடி.

குயவர் சதுக்கத்தில் ஒரு பெரியவர் லாரி டயர் மாதிரி கனமான சக்கரத்தைக் கம்பால் சுழற்றிவிட்டு, ஒரே உருண்டை மண்ணிலிருந்து பத்துப் பதினைந்து சின்னக் கிண்ணம் எடுத்தார். ஒவ்வொன்றையும் நூலால் அறுத்து இறக்கும்போது கிண்ணத்தின் வாய் லேசாக நடுங்கி நிற்கும். அதைப் பார்த்தபடி நின்றபோதுதான் மேலே சொன்னதெல்லாம் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தது.

நாகர்கோட்டுக்கும் போங்கள், பக்கம்தான். பக்தபூரைக் கழித்துவிட்டுப் போகாதீர்கள்.

1 டிசம்பர் 2024

சில்லறை விஷயங்கள். இந்தியருக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும், ஆதாரை நம்பிப் போய் விமான நிலையத்தில் திரும்பி நின்ற குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். இந்திய நூறு ரூபாய் நோட்டுக்கு 160 நேபாள ரூபாய், இது நிலையான மாற்று. நூறாகவே எடுத்துப் போங்கள், பெரிய நோட்டுகளில் இப்போதைக்கு (2024) தொல்லை வரும். டிசம்பர் கடைசியில் காலைக் குளிர் எலும்பில் ஏறும், பள்ளத்தாக்கில் மூடுபனியும் இருக்கும், பிள்ளைகளுக்குக் காதை மூடுகிற தொப்பி வாங்குங்கள். டாக்சிக்காரர் ஒருவர் என்னிடம் இரண்டு மடங்கு வாங்கிவிட்டார், ஏறும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்கும்போதே தங்கப்போகிறோம் என்று சொல்லுங்கள். நாள் நீட்டித்துத் தருவார்கள். அடையாள அட்டை நகல் ஒன்று கொண்டுபோனால் வேலை சுலபம்.

5 டிசம்பர் 2024

ஏன் இரவு தங்கச் சொன்னேன் என்பதை எழுத விட்டுப்போச்சு.

பகலில் பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள் நாலு மணிக்கு மேல் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் சதுக்கம் ஊர்க்காரர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். தெரு முனைகளில் திண்ணை மாதிரி மரத்தூண் வைத்த சாவடிகள் இருக்கும், பாட்டி என்பார்கள். நம் பாட்டி இல்லை, அந்தத் திண்ணைக்கே பெயர் அது. கிழவர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் மத்தளமும் தாளமும் வைத்துக்கொண்டு பாடுவார்கள். தாபா பஜனை. நான் போய் ஓரத்தில் உட்கார்ந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் நகர்ந்து கம்பளத்தில் இடம் விட்டார்.

பாடல்களில் சில மல்ல ராஜாக்களே எழுதியவை. கடைசி ராஜா ரஞ்சித் மல்லர் 1769இல் பிருத்வி நாராயண் ஷாவிடம் ஊரை இழந்து காசிக்குப் போனவர். அவர் பாட்டையும் இன்னும் பாடுகிறார்கள்.

விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். சிவப்புக் கரை போட்ட கறுப்புச் சேலையில் பெண்கள் பித்தளைத் தட்டோடு ஒவ்வொரு சின்னச் சன்னதியாகப் போய் அரிசியும் குங்குமமும் வைத்துவிட்டு மணியை ஒரு தட்டுத் தட்டிப் போவார்கள். ஊர் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. அரைநாளில் இது கிடைக்காது.

6 டிசம்பர் 2024

சாப்பாடு கேட்டிருக்கிறார் ஒருவர். ஜுஜு தௌ. ஜுஜு என்றால் ராஜா, தௌ என்றால் தயிர். எருமைப்பாலைச் சுண்டக் காய்ச்சி, இனிப்புச் சேர்த்து, மண் கிண்ணத்தில் ஊற்றி, உமிமேல் வைத்துத் துணியும் கம்பளியும் போர்த்தி உறைய வைப்பார்கள். கிண்ணம் தண்ணீரை உறிஞ்சிவிடுவதால் தயிர் கரண்டியில் வெட்டி எடுக்கும் பதம். கிண்ணம் நான் மேலே சொன்ன அதே மண். அப்புறம் 'வோ' என்று உளுந்தை அரைத்துத் தட்டையாக வார்ப்பது. நம் நாக்குக்கு அது அன்னியமாகவே இருக்காது.

19 டிசம்பர் 2024

இரண்டு வாரமாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த இழை முழுக்கக் கோயிலைப் பற்றியே பேசியிருக்கிறேன், வீட்டைப் பற்றிப் பேசவில்லை.

2018இல் போனபோது பழைய தெருக்களுக்குள் முளைத்த கான்கிரீட் வீடுகளைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. குறிப்பேட்டில் 'ஊரைக் கெடுக்கிறார்கள்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். 2023இல் தங்கிய வீட்டில் ஓர் அம்மா இருந்தார், அறுபது வயது இருக்கும். 'திதி' என்றுதான் கூப்பிட்டேன், நேபாளியில் அக்கா. அந்த வீடும் கான்கிரீட் தூண் போட்டது, முகப்பில் மட்டும் செங்கல்லும் மரச் சன்னலும். பழைய வீடு எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டேன்.

அவர் சொன்னது: பழைய வீடு நாலு மாடி, மண் கலவை. மாமனார் காலத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது வீட்டை மேலிருந்து கீழாக அறுத்தார்கள். ஆளுக்கு ஒரு பத்தி. இவர்களுக்கு வந்தது இரண்டு கை நீட்டினால் இரண்டு சுவரும் தொடுகிற அகலம். உத்தரம் தலையில் இடிக்கும், படி ஏணி மாதிரி, பகலிலும் விளக்கு வேண்டும். 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, மதியம் ஆகவில்லை. இவர் குழாயடியில் இருந்தார். திரும்பிப் பார்த்தபோது தூசி மட்டும் தெரிந்ததாம். மாமியார் உள்ளே இருந்தார்.

பள்ளிக்கூடம் லீவு நாள், இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பிள்ளைகள் போயிருப்பார்களோ என்றார். அந்த மாவட்டத்தில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு இவர்கள் குடும்பம் இரண்டு மழைக்காலம் தகரக் கொட்டகையில் இருந்தது.

இனிமேல் நான் மண் சுவருக்குக் கீழே தூங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றினார்.

என் குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன். கோயிலை மண்ணும் மரமுமாகக் கட்டுங்கள் என்று நான் சொல்லலாம். அடுத்தவர் படுக்கையறையை எதில் கட்ட வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? முகப்புச் செங்கல்லும் சன்னலும் அவர்கள் தெருவுக்காகச் செய்த காரியம். அதற்கு ஆன செலவைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

11 ஜனவரி 2025

கேள்வி கேட்டவர் போய் வந்துவிட்டார். ஓர் இரவு தங்கினார்களாம். மூடுபனியால் நாகர்கோட்டில் ஒன்றும் தெரியவில்லையாம், பக்தபூரில் தெரிந்ததாம். அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. ஞாதபோலா படியில் இரண்டு பக்கமும் இருக்கும் சிலைகளை ஒவ்வொரு ஜோடியாக எண்ணி எழுதி வந்திருக்கிறாள்: கீழே மல்யுத்த வீரர்கள், அடுத்து யானை, அடுத்து சிங்கம், அடுத்து கொக்கி மூக்குச் சிங்கம், மேலே இரண்டு அம்மன். ஒவ்வொரு ஜோடியும் கீழே உள்ளதைவிடப் பத்து மடங்கு பலம் என்று ஊரில் சொல்வார்கள். கடைசி ஜோடிக்கு மனுஷனைவிட எத்தனை மடங்கு என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். கீழே நிற்கும் மல்யுத்த வீரர்களே சாதாரண ஆளைவிடப் பத்து மடங்கு என்பதால், பாப்பா, ஒரு லட்சம் மடங்கு.

ஞாதபோலா பக்கத்தில் பெரிய மரச்சக்கரங்கள் சும்மா கிடந்தன, அது என்ன என்று அவர் கேட்கிறார். பைரவர் தேர்ச் சக்கரம். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

14 ஏப்ரல் 2025

இன்றைக்கு எழுதினால்தான் பொருத்தம். நமக்குச் சித்திரை ஒன்று, அவர்களுக்கு வைசாகம் ஒன்று. இரண்டும் சூரியக் கணக்கு என்பதால் சில வருஷம் ஒரே நாளில் வரும், சில வருஷம் ஒரு நாள் தள்ளும். இந்த வருஷம் ஒரே நாள்.

அந்தச் சக்கரங்கள் பிஸ்கா ஜாத்ரா என்ற தேர்த்திருவிழாவுக்கு. வருஷம் முழுக்கத் தௌமடியில் கழற்றிப் போட்டிருப்பதை இப்போது பூட்டி, மூன்று அடுக்குத் தேர் கட்டி, பைரவரை ஏற்றுவார்கள். முன்னும் பின்னும் வடம். மேல் ஊர் ஒரு பக்கம், கீழ் ஊர் ஒரு பக்கம் இழுக்கும். யார் பக்கம் தேர் போகிறதோ அவர்கள் தெருவுக்குத் தரிசனம். பிறகு மேட்டில் ஒரு நெடிய மரத்தை நட்டு, அதைச் சாய்த்தால் வருஷம் பிறந்ததாகக் கணக்கு. நான் இதை நேரில் பார்த்ததில்லை. மூன்று முறையும் அக்டோபர், நவம்பரில் போய்விட்டேன், சதுக்கமெல்லாம் நெல் காயும் காலம். பார்க்காமல் விட்டது மனதில் கிடக்கிறது. அடுத்த வருஷம் எப்படியாவது போக வேண்டும்.

பைரவர் கோயில் பற்றி ஒன்று. ஞாதபோலாவுக்குப் பக்கத்தில் மூன்று கூரையோடு இருப்பது. 1934இல் அது இடிந்து விழுந்து, பிறகு கட்டப்பட்டது. உங்கள் நண்பரைப் போன்றவர்கள் அதைப் பார்த்து, 'இது பழசு' என்று படம் எடுத்துப் போகிறார்கள்.

25 ஏப்ரல் 2025

பூகம்பம் வந்து இன்றோடு பத்து வருஷம். முற்பகல் 11.56க்கு வேலையை நிறுத்திவிட்டு 2023இல் தங்கிய வீட்டுத் திதிக்குப் போன் போட்டேன். எடுக்க நேரமாயிற்று. சாவடியில் விளக்கு ஏற்றப் போயிருந்தாராம். தெருவுக்கு நடுவில் இருந்த சின்னப் பிள்ளையார் கோயில், 2023இல் நான் பார்த்தபோது தகரம் போட்டு மூடியிருந்தது. இப்போது கூரை வரை வந்துவிட்டது என்றார். இந்தக் கூரைக்கு ஓடு அடுக்குகிறவர் அவருடைய மருமகன். மழைக்கு முன் முடிந்துவிடுமா என்று கேட்டேன். மரம் இன்னும் காயவில்லை, காயாமல் ஏற்றக் கூடாது, அதனால் தசைனுக்குத்தான் (அவர்கள் தசரா) முடியும் என்றார்.